நாற்பத்தொன்பதாம் எண் வீட்டின் மூன்று வெள்ளைக் கட்டங்கள்

பிப்ரவரி 8, வியாழன்.
இன்றைய தவறு: சுவரில் மூன்று வெள்ளைக் கட்டங்கள் அடித்தேன். அளவு சரி. இடைவெளி சரி. வெள்ளையும் சரி. வீடுதான் தவறு.

பொனோலோவின் டைரி தினமும் இப்படித்தான் தொடங்கும். முதலில் தவறு. பிறகு அது எப்படி நடந்தது. கடைசியில், நாளை செய்ய வேண்டியது. பகலில் பெயின்ட் கடைக் கவுன்டரில் நிறம் கலக்கும் வேலை, வாரத்தில் இரண்டு மாலை வீட்டு அலங்கார வகுப்பு. இருபத்து நான்கு வயதாகியும் தன் மேல் அவளுக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. அதனாலேயே எதையும் இரண்டு முறை அளப்பாள், மூன்று முறை எண்ணுவாள்.

அன்றைக்கு அந்த எண்ணிக்கையே அவளைக் கவிழ்த்துவிட்டது.

மொந்தே சோலே குடியிருப்பில் அறுபத்திரண்டு வீடுகள். ஜோஹானஸ்பர்க்கின் வடக்குப் பக்கம் முழுவதும் இத்தாலியப் பைத்தியம் பிடித்து அலைந்த காலத்தில் கட்டியவை. அத்தனைக்கும் ஒரே கடுகு மஞ்சள் சுவர், ஒரே சுட்ட மண் ஓடு, வாசலில் ஒரே வளைவு, வளைவுக்கு இரு புறமும் ஒரே உப்பிய தூண்கள். இப்போது அந்த மஞ்சளை ஒவ்வொருவராக வெளுக்கக் கிளம்பியிருந்தார்கள். அப்படிக் கிளம்பிய பதினான்காம் எண் அம்மையார்தான் பொனோலோவின் முதல் வாடிக்கையாளர். "நான் வீட்டில் இருக்க மாட்டேன், தாழ்வாரச் சுவரில் மூன்று மாதிரி அடித்துவிட்டுப் போ" என்று சொல்லியிருந்தார்.

பொனோலோ வாயிலிலிருந்து இடப்பக்கமாக நடந்தாள். கண் அளவுக் குறிப்பில், வாய் எண்ணிக்கையில். ஒன்று, இரண்டு, மூன்று... பதினான்காவது வீட்டின் எண்ணைக் காகிதப்பூக் கொடி மூடியிருந்தது. பரவாயில்லை, எண்ணியாயிற்றே!

அது வட்டச் சாலை. எண்கள் வலப்பக்கத்திலிருந்து தொடங்குகின்றன. அதை அவளுக்கு யார் சொன்னார்கள்?

மூன்றாவது கட்டத்தின் கடைசி ஓரத்தை அவள் இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னால், அக்கா என்று அந்த ஊர்ப் பேச்சில் கூப்பிடும் ஒரு குரல் கேட்டது.

"சிஸி... எங்க வீட்டுச் சுவர்ல என்ன வரையறீங்க? ஜன்னலா?"

திரும்பினாள். கையில் டீக் கோப்பை, காலில் செருப்பில்லை, முகத்தில் தூக்கம் கலையாத சிரிப்பு. உயரமாக ஒருவன். அந்தக் கண்கள்... மழைக்கு முந்தைய வானம் மாதிரி கறுத்து, உள்ளே எங்கோ மின்னல் ஒளித்து வைத்திருந்தன.

"நீங்க அம்மையாரோட மகனா? மாதிரி அடிக்கச் சொன்னாங்க. இது பால் வெள்ளை, இது எலும்பு வெள்ளை, இது மேக வெள்ளை."

அவன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "மூணும் ஒரே வெள்ளைதானே?"

"ஐயோ, இல்லைங்க! நல்லாப் பாருங்க. பால் வெள்ளையில மஞ்சள் துளி இருக்கு. எலும்பு வெள்ளையில சாம்பல் இருக்கு. எதுவா இருந்தாலும் இந்த அழுக்குக் கடுகு மஞ்சளுக்குத் தேவலை. இதையெல்லாம் இன்னும் யார் வச்சிருக்காங்க?"

"நாங்க வச்சிருக்கோம்" என்றான் அவன் அமைதியாக. "நாப்பத்தொன்பதாம் நம்பர்."

"நாப்பத்து...?"

அவன் எட்டிக் காகிதப்பூக் கொடியை விலக்கினான். எண் ஓட்டில் நீல எழுத்தில் நாற்பத்தொன்பது. பொனோலோவின் கையிலிருந்த தூரிகை தட்டில் விழுந்தது. காது மடல் வரை சூடேறியது.

"எண்ணித்தான் வந்தேன்..." என்றாள் நலிந்த குரலில்.

"என் வேலை என்ன தெரியுமா? ஏர்போர்ட் டவர்ல உக்காந்து விமானங்களை வழிகாட்டி இறக்குறது. இந்தப் பக்கம் ரன்வே, அந்தப் பக்கம் ரன்வேன்னு நாள் பூரா கத்துறேன். இன்னிக்கு லீவுல வீட்டுல இருந்தா, எங்க வீட்டு வாசல்லயே ஒண்ணு தப்பா வந்து இறங்கிடுச்சு!"

சிரிக்கக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. அந்த நேரம் பார்த்து வானம் உடைந்தது. நான்கு மணி மழை... கல்லை அள்ளி ஓட்டின் மேல் கொட்டுவது போல ஒரு சத்தம். ஹடீடாப் பறவைகள் கத்திக்கொண்டு பறந்தன. இருவரும் வளைவுக்குக் கீழே ஒதுங்கினார்கள். சாரல் அவள் இமையில் ஒரு துளியை வைத்துவிட்டுப் போனது. அவன் அதைப் பார்த்தான். பார்த்ததை அவளும் பார்த்தாள். இருவரும் அவசரமாக மழையைப் பார்த்தார்கள்.

அந்த மழைக்குள்ளிருந்து ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே சிவப்புச் சட்டை, வெள்ளைக் காலர், வெள்ளைத் தொப்பி. வியாழக்கிழமை ஜெபக் கூட்டத்துப் பெண்களின் சீருடை. அவனுடைய அம்மா டகலானி. குடையை மடக்கினார். சுவரைப் பார்த்தார். மூன்று கட்டங்களையும் விரல் விட்டு எண்ணுவதுபோலப் பார்த்தார்.

"ரெண்டானி. யார் இது? என் சுவருக்கு என்ன ஆச்சு?"

ரெண்டானி நடந்ததைச் சொன்னான். அழுக்குக் கடுகு என்று அவள் சொன்னதை மட்டும் விட்டுவிட்டான். பொனோலோவுக்குத்தான் பொறுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப்போய் எல்லாவற்றையும் உளறிவிட்டாள். "மஞ்சள் பழைய நாகரிகம்னு நினைச்சு... எல்லாரும் இப்ப மாத்துறாங்களேன்னு..."

டகலானி அம்மா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதே குடியிருப்புல இருபத்தேழாம் நம்பர்ல பதினோரு வருஷம் தரை துடைச்சேன் நான். இந்தச் சுவர்ல சாயங்கால வெயில் விழுறதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாளைக்கு நானும்னு நினைச்சேன். போன வருஷம் இவன் வாங்கிக் குடுத்தான்." குரல் உயரவே இல்லை. "நாங்க வெளிய நிக்கிற வரைக்கும் இது அழகா இருந்துச்சு பொண்ணே. நாங்க உள்ள வந்ததும் பழசாயிடுச்சா?"

பொனோலோ தட்டில் விழுந்த தூரிகையை எடுத்துத் துடைத்தாள்.

"நானே வந்து பழையபடி ஆக்கித் தர்றேன் மா" என்றாள். "சனிக்கிழமை. சத்தியமா."

அன்றைய டைரியின் கடைசி வரி: நாளை, 49-இன் மஞ்சளுக்குக் குடியிருப்புக் குழு ஒப்புதல் தந்த நிற அட்டையைத் தேடி எடுக்க வேண்டும். அந்தக் கண்களைப் பற்றி எழுத இதில் இடமில்லை.

*

மறுநாளே இரண்டு செய்திகள் வந்தன. பதினான்காம் எண் அம்மையார், "அடுத்த வீட்டுக்கே வழி தெரியாதவள் எனக்கு வேண்டாம்" என்று கைகழுவிவிட்டார். குடியிருப்புக் குழு, நாற்பத்தொன்பதின் வெள்ளைக் கட்டங்கள் மார்ச் பதினைந்துக்குள் மறைய வேண்டும் என்று கடிதம் அனுப்பியது.

இரண்டில் முதலாவதுதான் பொனோலோவின் தலையில் இடியாக விழுந்தது. மார்ச் பதினான்கு வகுப்பின் கடைசி நாள். அன்றைக்கு ஒரு நிஜ வீட்டின் நிஜ அறையைப் புதுப்பித்துக் காட்ட வேண்டும். காட்டினால் சான்றிதழ், ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் பயிற்சி. காட்டாவிட்டால் வாழ்நாள் முழுக்க டின் மூடியைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவளிடம் இப்போது அறை இல்லை.

சனிக்கிழமை ஒப்புதல் பெற்ற மஞ்சளை ஒரு டின் கலந்து எடுத்துக்கொண்டு போனாள். ஒரே மூச்சில் கட்டங்களை மூடவில்லை. அதுதான் அவள் முறை. முதலில் ஓரமாக ஒரு சாண் பட்டை அடிப்பாள், காய விடுவாள், பொருந்தினால்தான் மற்றது.

பொருந்தவில்லை. சுவர் மங்கல், புது மஞ்சள் பளபளத்தது. பழைய குடித்தனக்காரர்கள் தாழ்வாரத்தில் இறைச்சி சுட்ட புகையும் சாலைப் புழுதியும் ஏறி ஏறிச் சுவரின் நிறமே இறங்கியிருந்தது.

"ஒண்ணாம் டின், தோல்வி" என்று எழுதி, டின் மேல் சீட்டு ஒட்டினாள்.

"தோல்வியைக்கூட லேபிள் ஒட்டியா வைப்பீங்க?" என்றான் ரெண்டானி. கையில் சுடச்சுட மக்வின்யா. மாவை உருட்டிப் பொரித்தது, கூடவே மாங்காய் அச்சார்.

"அப்பத்தான் அதே தப்பைத் திரும்பச் செய்ய மாட்டேன்."

"திரும்பச் செஞ்சா என்ன? புதுசா ஒரு தப்புக்கு அலையறதை விட அது சுலபம் இல்ல?"

"உங்க டவர்ல இப்படித்தான் பேசுவீங்களா? விமானம் ஏறுறவங்க பாவம்!"

அவன் சிரித்தான். எண்ணெய் விரலைச் சட்டையில் துடைத்தான். அவள் அச்சாரைத் தொட்டுக்கொண்டு, சுவரைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள்.

பதினேழாம் தேதி இரண்டாம் டின். மஞ்சள் காவியோடு இரண்டு துளி கறுப்பு, ஒரு துளி மண் சிவப்பு. பட்டை காய்ந்ததும் கண்ணே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது, அப்படிப் பொருந்தியது. "ஒரு வாரம் இருக்கட்டும். அடுத்த சனிக்கிழமை பார்த்துட்டு மொத்தமா மூடிடலாம்" என்றாள் பெருமையாக.

ரெண்டானியின் முகத்தில் ஏனோ மகிழ்ச்சி இல்லை. "அப்ப அடுத்த சனியோட முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றாள். சொன்ன பிறகு அந்தச் சொல் அவளுக்கே பிடிக்கவில்லை...

ஆனால் அடுத்த சனிக்கிழமை பட்டை தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. சுவரை விடக் கறுத்து! பொனோலோ கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அங்கேயே மூன்றாம் டின் கலந்தாள், பொருந்தியது. மார்ச் இரண்டாம் தேதி வந்து பார்த்தால் அதுவும் கறுப்பு. நான்காம் டின் கலந்தாள்.

மார்ச் 2, சனி.
இன்றைய தவறு: தெரியவில்லை. இதுதான் பயமாக இருக்கிறது.

*

அந்தச் சனிக்கிழமைகள் எல்லாவற்றையும் டகலானி அம்மா கதவிடுக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சாண் சுவருக்காக ஒருத்தி நாள் முழுக்க மண்டியிட்டுக் கிடப்பது அவருக்குப் பிடித்துப்போனது. மார்ச் இரண்டாம் தேதி கதவை முழுவதாகத் திறந்தார்.

"உனக்கு அறை வேணும்னு இவன் சொன்னான். உள்ள வந்து பாரு. ஆனா நான் வேண்டாங்கறதைத் தொடக் கூடாது."

பொனோலோ கூடத்தைப் பார்த்தாள். பழுப்புத் திரைகளில் பொன்னிறக் குஞ்சங்கள். அலமாரி நெடுகிலும் பிளாஸ்டிக் திராட்சை. நடுவில் நாற்பத்தெட்டு போலி மெழுகுவர்த்திகளோடு இரும்புச் சரவிளக்கு. ஒரு முழுச் சுவரில் இத்தாலிய மலைச்சரிவு ஓவியம், அதில் தலையில் கூடையோடு ஒரு பெண். வகுப்பில் ஆசிரியை மிஸ் ஸ்டேன் சொன்னது ஞாபகம் வந்தது: 'எல்லாவற்றையும் உடை, வெள்ளை அடி.' நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். நோட்டைத் திறந்தாள்.

"மா, நீங்களே சொல்லுங்க. இங்க உங்களுக்கு எது பிடிக்கும்?"

"இந்தத் தரை" என்றார் உடனே. "சுட்ட மண். இருபத்தேழாம் நம்பர்லயும் இதே தரைதான், பதினோரு வருஷம் முட்டி போட்டு மெழுகு தேச்சேன். இப்ப வெறுங்கால்ல நடக்குறேன். அப்புறம் இந்த வளைவு. இந்த நீளமான மேசை. இந்த மேற்குச் சுவரோட மஞ்சள். இத்தாலியாம் இத்தாலி! எங்க வெண்டா ஊர்ல வீட்டுக்கு வீடு இந்த மண்ணைத்தான் பூசுவோம்."

"பிடிக்காதது?"

டகலானி அம்மா குரலைத் தாழ்த்தினார். "அந்த விளக்கு."

"இதுவா? இதுதானே வீட்டுக்கே..."

"ஏணியில ஏறி, நாப்பத்தெட்டு மெழுகுவர்த்தியையும் ஒண்ணொண்ணாத் துடைச்சிருக்கியா நீ? திராட்சை, ஒவ்வொரு பழமாத் துடைக்கணும். அந்தக் குஞ்சம் இருக்கே, பிரிச்சுப் பிரிச்சு! அங்கயும் துடைச்சேன், சொந்த வீட்டுக்கு வந்தும் துடைக்கிறேன்." தனக்கே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "இதையெல்லாம் எடுத்துட்டா வீடு ஏழை வீடாத் தெரியுமோன்னு விட்டு வச்சிருக்கேன்."

பொனோலோவுக்குள் ஏதோ ஒன்று சொடுக்கிட்டது. எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று எந்தப் புத்தகமும் சொல்லாத கணக்கு இது. மண் தங்கலாம். தூசி சேர்ப்பது போகலாம்.

"தெரியாது மா" என்றாள். "வெளிச்சமாத் தெரியும். நான் பொறுப்பு."

அந்த வாரம் கடை முடிந்ததும் நேராக அங்கேதான். திரைகள் இறங்கின, நூல் துணி ஏறியது. மேற்குச் சுவரின் மஞ்சள் அப்படியே நின்றது. மற்ற மூன்றிலும் சுண்ணாம்பு வெள்ளை. ரெண்டானி ஷிப்டு முடிந்து வந்து ஏணியைப் பிடித்தான், பாட்டுப் பாடினான், தப்பான டின்னைத் திறந்தான், அவள் திட்டினால் இன்னும் சந்தோஷமாகத் திறந்தான். 'நீங்க' எப்போது 'நீ' ஆயிற்று என்று டைரியில் குறிப்பு இல்லை. ஓவியத்தின் மலைகளை வெள்ளை மூடிக்கொண்டு வந்தபோது டகலானி அம்மா ஓடி வந்து குறுக்கே நின்றார்.

"கூடைக்காரியை விட்டுடு! அவ நம்மள மாதிரி வேலை செய்யறவ. அவளை நான் வெளிய அனுப்ப மாட்டேன்."

கூடைக்காரி மட்டும் வெள்ளைச் சுவரின் நடுவே தனியாக நடந்தாள். முன்பை விட நிமிர்ந்து நடப்பதுபோல இருந்தது.

*

மார்ச் ஒன்பது. சரவிளக்கை இறக்கிய நாள். அறை முடிந்துவிட்டது, படமும் எடுத்தாயிற்று. பொனோலோ தாழ்வாரத்துக்கு வந்து நான்காம் பட்டையைப் பார்த்தாள்.

கறுப்பு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரெண்டானி விளக்கை வண்டியில் ஏற்றப் போயிருந்தான். டகலானி அம்மா பக்கத்தில் வந்தார்.

"என்ன மகளே?"

"வியாழக்கிழமை நான் வகுப்புக்குப் போகப்போறதில்ல மா. ஒரு மஞ்சளைப் பார்த்து ஒரு மஞ்சள் கலக்கத் தெரியல எனக்கு. நாலு டின்! என் கண்ணுல ஏதோ கோளாறு. கண்ணு சரியில்லாதவ வீடு அலங்காரம் பண்றதா?" குரல் உடைந்தது.

டகலானி அம்மா சேலைத் தலைப்புபோல் தோளில் முடிந்திருந்த கோடு போட்ட துணியின் முனையைத் திருகினார். சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம். பிறகு:

"உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. என் பிள்ளைக்குத்தான் கோளாறு. மூணு ஞாயிறா சர்ச்சுக்கு வராம, வாளியில சோப்புத் தண்ணி வச்சுக்கிட்டு இந்தச் சுவரைத் தேய்க்கிறான். நீ அடிச்ச பட்டையை மட்டும் விட்டுட்டு. சுத்தமா இருக்கட்டும்னு தேய்க்கிறான்னு நினைச்சேன். இப்பத்தான் புரியுது."

பொனோலோவுக்கும் புரிந்தது. சுவரை நெருங்கி விரலால் தொட்டாள். புகை இல்லை. புழுதி இல்லை. அவள் நிறம் மாறவே இல்லை. சுவர்தான் வாரா வாரம் வெளுத்துக்கொண்டே போயிருக்கிறது!

ரெண்டானி கையைத் தட்டிக்கொண்டே வந்தான். "விளக்கு ஏறிடுச்சு! ஏன் ரெண்டு பேரும்..."

"சுவரைக் கழுவினியா?"

சிரிப்பு நின்றது. அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா வானத்தைப் பார்த்தார்.

"பொனோலோ, அது... நிறம் பொருந்திட்டா நீ..."

"என்கிட்ட இருக்கிறதே என் கண்ணு மட்டும்தான், ரெண்டானி. அதை வச்சுத்தான் நான் பிழைக்கணும். அதையே ரெண்டு வாரமா நான் நம்பல. ராத்திரியெல்லாம் துளிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். உனக்கு விளையாட்டா?"

பையை எடுத்தாள். அவன் இரண்டடி பின்னால் வந்தான். அவள் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

*

வியாழக்கிழமை மாலை ஐந்தரை. வகுப்பில் பதினெட்டுப் பேர். பொனோலோவின் முறை வந்தது. எழுந்தாள், படங்களைத் திரையில் போட்டாள். முதல் படம் மினுங்கி எழுந்தது...

கரண்ட் போனது.

"மின்வெட்டு இன்னிக்கு நம்ம ஏரியா முறையாச்சே" என்று யாரோ முனகினார்கள். வெளியே மழை கறுத்துக்கொண்டு வந்ததில் அறையே இருண்டது. மிஸ் ஸ்டேன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "படம் இல்லாமல் நான் எதை மதிப்பிடுவது? வார்த்தையில் சொல்ல முடியுமா?"

பொனோலோ நோட்டைப் புரட்டினாள். இருட்டில் தன் எழுத்தே தெரியவில்லை.

"நான் சொல்றேனே" என்றது கதவருகே ஒரு குரல்.

சிவப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பி. ஜெபக் கூட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார் டகலானி அம்மா. ஒரு மாணவி போனில் விளக்கைப் போட்டாள். இன்னொருத்தியும் போட்டாள். அம்மா அந்த வெளிச்சத்துக்குள் நடந்து வந்து நின்றார்.

"அது என் கூடம். வாசல்ல வளைவு இருக்கு, அது இருக்கும். தரை சுட்ட மண்ணு, அதுவும் இருக்கும். மேற்குச் சுவர் மஞ்சள். அஞ்சு மணி வெயில் அதுல விழுந்து, எதிர்ல வெள்ளைச் சுவர்ல போய்ப் படுத்துக்கும். முன்ன அந்த வெயிலுக்குப் படுக்க இடமில்ல, பழுப்புத் துணியா இருந்துச்சு. திராட்சை போச்சு. நாப்பத்தெட்டு மெழுகுவர்த்தி போச்சு. இப்ப மேசைக்கு மேல ஒரே ஒரு விளக்கு, ஏணி வேண்டாம், நின்னுக்கிட்டே துடைச்சிடலாம்." யாரோ சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். "சுவர்ல ஒருத்தி கூடையோட நடந்து போறா. நான் டீக் கோப்பையோட உக்காந்து அவளைப் பார்ப்பேன். இது இத்தாலியும் இல்ல, பத்திரிகையில வர்ற வீடும் இல்ல. என் வீடு. அதை இந்தப் பொண்ணு என்கிட்ட கேட்டுக் கேட்டுச் செஞ்சா. அதுக்கு முன்ன யாரும் என்கிட்ட கேட்டதில்ல."

ஒருத்தி கைதட்டினாள், அறையே தட்டியது. மிஸ் ஸ்டேன் போன் வெளிச்சத்தில் தாளில் எதையோ எழுதினார்.

"அறையைப் பார்க்காமலே பார்த்துவிட்டேன்" என்றார். "தேர்ச்சி. கரண்ட் வந்ததும் படத்தையும் காட்டு, எனக்கு அந்தக் கூடைக்காரியைப் பார்க்க வேண்டும்."

பொனோலோ டகலானி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா அவள் காதில், "வெளிய ஒருத்தன் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறான். உள்ள வர தைரியம் இல்ல. மன்னிக்கிறதும் மன்னிக்காததும் உன் இஷ்டம். ஆனா ஜலதோஷம் பிடிச்சா நான்தான் பார்க்கணும்" என்றார்.

படிக்கட்டுக் கூரையின் விளிம்பில், பாதி மழையிலும் பாதி நிழலிலுமாக ரெண்டானி நின்றிருந்தான். சட்டைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். நனையாமல் நெஞ்சோடு வைத்திருந்த தாள். கோணல் மாணலான எழுத்து.

மார்ச் 14, வியாழன்.
என் தவறு: சுவரைக் கழுவினேன். மூன்று முறை.
எப்படி நடந்தது: பிப்ரவரி 17 அன்று நிறம் சரியாகப் பொருந்தியது. அவள் கண்ணில் பிழையே இல்லை. பொருந்திவிட்டால் சனிக்கிழமைகள் நின்றுவிடும் என்று பயந்தேன். அவள் தன்னையே சந்தேகப்படுவாள் என்று யோசிக்கவில்லை. அதுதான் பெரிய தவறு.
நாளை செய்ய வேண்டியது: அவள் சொல்வது.

பொனோலோ இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை எழுத்துகள் கலங்கின.

"விமானத்துக்கெல்லாம் எங்க இறங்கணும்னு சொல்றவன்" என்றான் அவன், கண்ணை எடுக்காமல். "உன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் வரல. வாளியைத் தூக்கிட்டேன். எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு பொனோலோ. அன்னிக்கு நீ எலும்பு வெள்ளை, மேக வெள்ளைன்னு அடுக்கினப்பவே... எனக்கு இன்னிக்கு வரைக்கும் மூணும் ஒண்ணாத்தான் தெரியுது. ஆனா நீ சொல்லிக்கிட்டே இருக்கணும், நான் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

அவள் தாளை மெதுவாக மடித்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒழுங்காக.

"நானும் ஒண்ணை எழுதல" என்றாள். "நிறம் பொருந்தலைன்னு பார்த்தேன் இல்ல... அந்த நிமிஷம் முதல்ல வந்தது பயம் இல்ல. சந்தோஷம். இன்னொரு சனிக்கிழமை கிடைச்சுதேன்னு. அப்புறம்தான் பயந்தேன். சந்தோஷத்தை மட்டும் டைரியில விட்டுட்டேன்."

"அது தப்பு இல்லையா? எழுதாம விட்டது?"

"தப்புதான்" என்றாள். மழையிலிருந்து அவனை இழுத்துக் கூரைக்குள் சேர்த்தாள். கையை எடுக்க மறந்துவிட்டாள். "எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு. இன்னொரு தடவை சுவர்ல கை வச்சே..."

"வாளியையே வித்துடுறேன்!"

மாடியில் கரண்ட் வந்தது. ஜன்னல் ஒவ்வொன்றாக மஞ்சளாயிற்று.

*

மார்ச் 14, வியாழன்.
இன்றைய தவறு: ஒரு மாதமாகச் சந்தோஷத்தைக் குறிப்பில் சேர்க்காமல் விட்டது. திருத்தப்பட்டது.

கவனித்தது: மூன்று முறை கழுவியதில் சுவர் தன் பழைய நிறத்துக்கே வந்துவிட்டது. வரும் வழியில் 49-இல் இறங்கி, தாழ்வார விளக்கில் பட்டைகளைப் பார்த்தேன். இரண்டு, மூன்று, நான்கு கறுப்பாகத் தெரிகின்றன. முதல் பட்டையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு பொருந்துகிறது.

நாளை செய்ய வேண்டியது: காலை எட்டு மணி. வாயிலிலிருந்து எண்ண வேண்டாம். ஒன்றாம் டின்னின் 'தோல்வி' சீட்டைக் கிழித்துவிட்டு, அதை நன்றாகக் கலக்க வேண்டும். மூன்று வெள்ளைக் கட்டங்களையும் கறுத்த பட்டைகளையும் மூட வேண்டும். தூரிகை இரண்டு. ஒன்று ரெண்டானிக்கு.